மிளகு வந்த வழி

குப்பனூர்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

பஸ் கண்டக்டர் மணிகண்டனிடம் நீ கொடுத்தனுப்பிய உறை நேற்று மதியம் கிடைத்தது. உள்ளே உங்கள் மகளிர் குழு அரைத்து விற்கும் மிளகுத் தூளைப் பற்றிய அரசு ஆய்வு அறிக்கையின் நகல் மட்டும் இருந்தது. உன் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் அனுப்பியவள் நீ என்பதால், அண்ணனிடம் யோசனை கேட்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடு.

எனக்குப் பேச்சில் கோர்வை வராது. போனில் பாதிதான் காதில் விழுகிறது. ஆகவே சொல்லவேண்டியதை முதலிலேயே வரிசையாகப் போட்டுவிடுகிறேன்.

1. அறிக்கை என்ன சொல்கிறது.
2. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா.
3. ஏற்கெனவே விற்ற பாக்கெட்டுகளை என்ன செய்வது.
4. மிளகு கொடுத்த பொன்னுவேலிடம் ஏன் எதுவும் சொல்லவேண்டியதில்லை.
5. இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி.

ஐந்தாவது சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். நான் உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தது பழைய கலப்படத் தடுப்புச் சட்டத்தின் காலத்தில். மிளகில் பப்பாளி விதை, மிளகாய்த் தூளில் செங்கல் பொடி, இவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. இப்போதுள்ள சட்டம் நான் ஓய்வுபெறும்போது வந்தது. பூதக்கண்ணாடி வைத்து அதைப் படித்திருக்கிறேனே தவிர, அதன்கீழ் ஒருநாளும் வேலை செய்ததில்லை. என் யோசனையில் பிழை இருக்கலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே படி.

முதலாவது. உங்கள் தூளில் கலப்படம் எதுவும் இல்லை. சுத்தமான மிளகு என்றே அறிக்கை சொல்கிறது. ஆனால் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கிறது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் கிருமி. இருபத்தைந்து கிராம் தூளில் அது அறவே இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே 'பாதுகாப்பற்றது' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பார்த்து நீ எப்படிக் கலங்கியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னை மோசக்காரி என்று அது சொல்லவில்லை.

இரண்டாவது. அறிக்கை கைக்கு வந்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மாதிரியின் மறுபகுதி வேறொரு கூடத்துக்குப் போகும். அது உன் உரிமை.

மூன்றாவது. மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும், ஒன்றாக அரைத்த அந்தத் தொகுதியில் விற்ற அத்தனை பாக்கெட்டையும் உடனே திரும்பப் பெற்றுவிடு. யாரும் வந்து சொல்லும்வரை காத்திருக்காதே.

நான்காவது. சட்டம் உணவை வயலிலிருந்து தட்டுவரை ஒரே சங்கிலியாகப் பார்க்கிறது. அரைப்பவர், பாக்கெட் போடுபவர், லாரியில் ஏற்றுபவர், கடைக்காரர், ஓட்டல்காரர் என்று ஒவ்வொரு கண்ணிக்கும் உரிமமோ பதிவோ உண்டு. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் ஒரு படி, பின்னால் ஒரு படி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்: யாரிடம் வாங்கினேன், யாருக்கு விற்றேன் என்று. விவசாயியை மட்டும் சட்டம் தொடுவதில்லை. அது சரிதான். தலைச்சோலையில் சில்வர் ஓக் மரத்தில் நாலு கொடி ஏற்றியிருக்கிறவரிடம் போய் உரிமம் கேட்பது அநியாயம். ஆகவே உன்னைப் பொறுத்தவரை சங்கிலி உன் வாசலில் தொடங்குகிறது. கிருமி அதற்கு முன்னால் எங்கே ஏறியது என்று தேடிக்கொண்டு போகாதே. பொன்னுவேல் நல்ல மனிதர். சொன்னால் பழி போடுவதாக நினைப்பார். இந்த வருடம் மிளகு வேண்டாம் என்று சொல்லி, வேறு இடத்தில் வாங்கிக்கொள்.

இவ்வளவுதான். குளிர் அதிகமாக இருக்கும், காதை மூடிக்கொள்.

பெரியநாயகம்


கொட்டச்சேடு
20 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

வரி எழுதாமல் அனுப்பியது வேண்டுமென்றேதான். மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு, காரியம் ஆகவேண்டும் என்றதும் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று தொடங்க வெட்கமாக இருந்தது. நீங்கள் அதைக்கூட மரியாதையாக எடுத்துக்கொண்டு வரிசை எண் போட்டுப் பதில் எழுதியிருக்கிறீர்கள். கோபத்தைக் கூட்டுவதற்கு உங்களைவிட்டால் ஆள் இல்லை.

ஏன் பேசவில்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மிஷின் திறந்த அன்றைக்குப் பங்குச்சாமியார் மந்திரித்து முடித்தார். எல்லோரும் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அரைக்கிற அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, 'கை கழுவ இடம் எங்கே?' என்று கேட்டீர்கள். குழுப் பெண்கள் அத்தனைபேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 'நல்லா வரும் புஷ்பம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அதைக் கேட்டிருக்கக்கூடாதா? மறுவாரமே குழாய் வைத்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஊருக்குள் என்ன பேச்சு தெரியுமா? சுகுணா வந்து சொன்னாள். மிஷினை அவள்தான் ஓட்டுகிறாள்.

"ஏனுங்க்கா, உங்க அண்ணந்தான் மனுப் போட்டு மாட்டிவிட்டுட்டாருன்னு பேசிக்கிறாங்க."

"எங்கண்ணன் மனு எழுதுவாரு சுகுணா. அதைத் தபால்பெட்டியில போட அவருக்குத் தைரியம் வர்றதுக்குள்ள ஸ்டாம்பு வெல ஏறிப்போயிரும்" என்றேன். சிரித்துவிட்டு அழுதாள். இந்த இடம் மூடினால் அவள் மறுபடி எஸ்டேட்டுக்குக் காப்பிச் செடிக் கிளைகளை வெட்டிக் கவாத்துப் பண்ணப் போகவேண்டும். அவள் முழங்கால் வீங்கி ஒரு வருடம் ஆகிறது. சரிவில் நிற்க முடியாது. மற்றவர்கள் கதையும் இதே மாதிரிதான்.

ஆகவே கேட்கிறேன். மேல்முறையீட்டை நீங்கள் எழுதித் தாருங்கள். மாதிரி எடுக்க வந்த அதிகாரி கையுறை போடவில்லை என்று சுகுணா சத்தியம் செய்கிறாள். ஒரு கையில் போட்டிருந்தார் என்கிறாள் இன்னொருத்தி. போட்டிருந்தாரோ இல்லையோ, அதைப் பிடித்துக்கொண்டு உங்களால் எழுத முடியும். எந்த வார்த்தை எந்த இடத்தில் விழுந்தால் வழக்கு நிற்காது என்று உங்களுக்குத் தெரியாதா?

பாக்கெட்டைத் திரும்ப வாங்கினால் தப்பு செய்தோம் என்று நாங்களே தண்டோரா போட்ட மாதிரி ஆகாதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மரியபுஷ்பம்


குப்பனூர்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

கை கழுவும் இடத்தைப் பற்றி அன்றைக்குக் கேட்டது, எனக்குப் பாராட்டத் தெரியாததால். அறை முழுக்கப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, இது ஒன்றுதான் குறை என்று நினைத்தேன். வாயில் வந்தது அந்தக் குறை மட்டும். குழாய் வைத்தாய் என்பதை இப்போது படித்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

நீ கேட்டபடி மேல்முறையீடு ஒன்று எழுதியிருக்கிறேன். கூடவே பாக்கெட்டுகளைத் திரும்பக் கேட்கும் அறிவிப்பு ஒன்றும் எழுதியிருக்கிறேன். இரண்டும் இந்த உறையில் இருக்கின்றன. எதை அனுப்புவது என்று நீதான் முடிவு செய்யவேண்டும். உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கே என்மேல் நம்பிக்கை வரவில்லை.

மேல்முறையீட்டில் நீ ஜெயிக்கலாம். அதுதான் எனக்குப் பயம்.

இந்தக் கிருமி தூளில் சீராகக் கலந்திருக்காது. ஒரு பாக்கெட்டில் இருக்கும், பக்கத்துப் பாக்கெட்டில் இருக்காது. மறுபகுதியைச் சோதித்தால் கிருமி இல்லை என்று வரக்கூடும். கையுறை விஷயமும் எடுபடக்கூடும். அப்போது காகிதத்தில் உன் மிளகு சுத்தமாகிவிடும். ஏற்காட்டில் பள்ளிப் பிள்ளைகள் விடுதியின் வார்டன் ஜாபெஸ் வாங்கி வைத்திருக்கும் பெரிய பாக்கெட்டுகளுக்குள் இருக்கிற கிருமிக்கு அது தெரியாது.

விடுதியில் மிளகுத் தூளை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று பஸ்ஸில் ஒருமுறை மணிகண்டன் சொல்லக் கேட்டிருக்கிறேன். காலையில் பிள்ளைகளுக்கு அவித்த முட்டை, அதன்மேல் தூவ. ரசத்தில் கொதித்தால் கிருமி செத்துவிடும். முட்டைமேல் தூவினால் சாகாது. என் மனத்தில் அந்த முட்டைகள்தான் நிற்கின்றன. வேறு எதையும் சரியாக யோசிக்க முடியவில்லை.

தண்டோராவைப் பற்றிக் கேட்டாய். ஆமாம், தண்டோராதான். பொருளைத் திரும்பப் பெறுவதைச் சட்டம் விற்றவரின் கடமை என்று வைத்திருக்கிறதே தவிர, குற்றத்தை ஒப்புக்கொள்வதாக வைக்கவில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசப்போவதில்லை. கொஞ்சநாள் பேசத்தான் செய்வார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பொன்னுவேல் விஷயத்தில் நான் முன்பு சொன்னதே. அவரிடம் எதுவும் பேசவேண்டாம்.

பெரியநாயகம்


கொட்டச்சேடு
3 மார்ச் 2025

அண்ணனுக்கு,

மேல்முறையீட்டுக் காகிதத்தை அடுப்பில் போட்டேன். ஒரு வாரம் தலையணைக்குக் கீழே வைத்திருந்துவிட்டுத்தான் போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்பே விடுதிக்குப் போய்விட்டேன். உங்கள் கடிதம் வந்த மறுநாளே. முட்டையைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் போயிருக்கமாட்டேன். ஜாபெஸ் தம்பி அறிவிப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு, "பசங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்க அக்கா. ஆனா இதை ஏன் நீங்களா வந்து சொல்றீங்க?" என்றார். எங்கள் அண்ணன் சொன்னார் என்றேன். ஒரு பாக்கெட் உடைத்துப் பாதி காலியாகியிருந்தது. மற்றவை அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துக்கொடுத்தார். அடுத்த வருடமும் நீங்களே கொடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. வாங்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஏரிக்கரைக் கடைகள் வேறு மாதிரி. அங்கே நந்தினி என்று ஒரு பெண் கடை வைத்திருக்கிறாள், வாய் அதிகம். "வித்த மொளகைத் திருப்பி வாங்குற மொத ஆளு நீங்கதானுங்க்கா. ஊட்டுல ஏதாச்சும் விசேஷமுங்களா, மொளகு பத்தலீங்களா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். டூரிஸ்ட் வாங்கிப்போனதை யார் திருப்பித் தருவார்கள்? சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டது. கடை வாசலில் அறிவிப்பை ஒட்டியிருக்கிறேன். வேறென்ன செய்வது?

அதிகாரிக்கும் எழுதிப் போட்டேன். நேரில் வந்தார். கையுறை போட்டிருந்தார், இரண்டு கையிலும். சுகுணா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்க்கவில்லை. "நீங்களே திரும்ப எடுத்துட்டீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டார். இடத்தைச் சுத்தம் செய்து, புதுத் தொகுதி போட்டு, அது தேறினால் மறுபடி விற்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கேஸ் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் கோபமாகப் பேசவில்லை.

இவ்வளவு நடந்தும் நான் ராத்திரி தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். தூக்கம் போனது பொன்னுவேல் வந்த அன்றைக்கு.

அவருக்கு எதுவும் தெரியாது. எப்போதும் போல ரெண்டு மூட்டை மிளகை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். நாங்கள் மிஷினைக் கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தோம். "என்னங்க்கா, தேருக்குச் சோடிக்கிற மாதிரி மிஷினுக்குக் குளிப்பாட்டு நடக்குது?" என்று கேட்டார்.

நீங்கள் சொன்னபடி, "மிஷின் ரிப்பேருங்க பொன்னுவேலு. இந்த வருசம் மொளகு எடுக்கல" என்றேன்.

"அதுக்கென்னங்க்கா, ரிப்பேர் பாத்துட்டு எடுத்துக்குங்க. இங்கயே கெடக்கட்டும்."

"வேண்டாங்க. எடுத்துட்டுப் போயிருங்க."

டீ குடித்தார். மூட்டைகளை மறுபடி ஏற்றினார். அவர் மனைவி அத்தாயி எனக்கென்று கொடுத்துவிட்ட பலாப்பழத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பழத்தை இன்னும் வெட்டவில்லை.

அண்ணா, அவரிடம் சொல்லிவிடட்டுமா? ஒரு வார்த்தை. நீங்கள் சரி என்றால் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

புஷ்பம்


குப்பனூர்
6 மார்ச் 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நீ விடுதிக்கும் ஏரிக்கரைக் கடைகளுக்கும் போனதைப் படித்தேன். என்னால் அந்தக் கடை வாசலில் நின்றிருக்க முடியாது. நீ நின்றாய்.

மிளகைச் சுத்தம் செய்யும் முறையைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கொதிநீரில் முக்குவது, தார்ப்பாய்மேல் உலர்த்துவது, பச்சை மிளகும் காய்ந்த மிளகும் ஒரே முறத்தில் படாமல் பார்த்துக்கொள்வது. அதிகாரியிடமும் கேட்டுக்கொள். என் முறை பழையதாக இருக்கலாம்.

பொன்னுவேலிடம் சொல்வதைப் பற்றி. வேண்டாம் என்றே நினைக்கிறேன். மூன்று காரணம். ஒன்று, அவர் மிளகில்தான் கிருமி இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் அறையிலேயே ஏறியிருக்கலாம். ஆதாரமில்லாமல் ஒருவர் பொருளைக் குறை சொல்லக்கூடாது. இரண்டு, சட்டப்படி அவர் இதில் வரவே மாட்டார். மூன்று, நீ சொன்னால் அவர் மனம் புண்படும். மறுசோதனை தேறியபின் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

பலாப்பழம் அழுகிவிடும். வெட்டிக் கொடுத்துவிடு.

பெரியநாயகம்


கொட்டச்சேடு
18 மார்ச் 2025, காலை

அண்ணனுக்கு,

இதை மணிகண்டனிடம் கொடுத்து, பஸ்ஸை நிறுத்தி உங்கள் கையில் தரச் சொல்லியிருக்கிறேன். போனில் சொன்னால் பாதிதான் கேட்கும், இது பாதி கேட்டால் போதாது. படித்ததும் கிளம்புங்கள்.

பொன்னுவேல் மகள் தீபிகா சேலம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நாலு வயது. நாலைந்து நாளாக வயிற்றுப்போக்கு, ரத்தம் கலந்து போகிறது, காய்ச்சல் இறங்கவில்லை. நேற்று சந்தையில் கேள்விப்பட்டுத் தலைச்சோலைக்கு ஓடினேன். ஆடுகளுக்குத் தழை போடப் பொன்னுவேல் மட்டும் மேலே வந்திருந்தார். அத்தாயி பிள்ளையோடு கீழே இருக்கிறாள்.

பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சளி பிடித்திருந்ததாம். "மொளகை நுணுக்கித் தேன்ல கொழச்சு ஒரு வாரமா அத்தாயி ஊட்டிவிட்டாளுங்க்கா" என்றார். பச்சையாக, அண்ணா. நீங்கள் விடுதி முட்டையைப் பற்றி எழுதிய அதே மாதிரி.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் கேட்காமல் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "மிஷின் ரிப்பேருன்னு சொன்னீங்களேக்கா, அன்னைக்கே எனக்குத் தெரியும். ரிப்பேரான மிஷினுக்கு எதுக்கு வெந்நீ? எங்க மொளகுல என்னமோ கொறைன்னு பட்டுச்சு. கேட்டா உங்களுக்குச் சங்கட்டமா இருக்கும்னு கேக்காமப் போயிட்டேன்" என்றார். எனக்குச் சங்கடம் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குச் சங்கடம் என்று நான் சொல்லவில்லை.

மிளகை எதில் வைப்பீர்கள் என்று கேட்டதும் கூட்டிப்போய்க் காட்டினார். தார்ப்பாயில்தான் உலர்த்துகிறார், களம் சுத்தமாக இருக்கிறது. சாக்குதான். காப்பிச் செடிக்கு நாமக்கல் பக்கமிருந்து லாரியில் கோழி எரு வருகிறதே, அந்தச் சாக்கு. "நொம்ப நல்ல சாக்குங்க்கா. ஓடையில மூணு தண்ணி அலசி, பாறையில வெயில் காட்டித்தான் எடுத்துவெப்போம். இந்தப் பக்கம் எல்லாரும் அப்பிடித்தான்" என்றார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. நானாக இருந்தாலும் அதில்தான் கட்டியிருப்பேன்.

அதனால்தான் பிள்ளைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆதாரம் இல்லை என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுத வேண்டாம். அறிக்கை நகல் உங்களிடம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். பொன்னுவேல் சாயங்கால பஸ்ஸில்தான் இறங்குவார். காகிதத்தை நீட்டினால் மட்டும் போதாது, அது என்னவென்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நீங்கள் ஒரே பஸ்ஸில் போய்விடலாம்.

பேச வராது என்று சொல்லாதீர்கள்.

புஷ்பம்


குப்பனூர்
20 மார்ச் 2025

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நேற்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. இன்று காலை இட்லி கேட்டாளாம். இதைப் பொன்னுவேல் உனக்குப் போனில் சொல்லியிருப்பார். ஆனாலும் முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதை நீ நிதானமாகப் படிக்கலாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன். டாக்டரிடம் சொல்ல ஐந்து வாக்கியம், அத்தாயியிடம் சொல்ல மூன்று வாக்கியம் என்று வழியெல்லாம் மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். பிள்ளைகள் வார்டைக் கண்டுபிடித்து உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோயிற்று.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அறிக்கையைக் கொடுத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, ஆனால் அவருக்குப் புரிந்தது. முழுக்கப் படித்துவிட்டுப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "சோதனைக்கு அனுப்பியிருக்கோம் சார், முடிவு வர நாளாகும். இது கையில இருக்கிறது நொம்ப உதவி" என்றார். நர்ஸிடம் மருந்தை மாற்றி எழுதிக்கொடுத்தார். போகும்போது திரும்பி, "முதல் நாளே கொண்டுவந்திருக்கலாமே" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. என்னை யாரோ தூரத்து உறவினர் என்று நினைத்திருக்கவேண்டும்.

அத்தாயி கட்டில் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக ஏதோ கேட்டாள், எனக்குக் காதில் விழவில்லை. காதில் கை வைத்துக் காட்டினேன். பிறகு உரக்கக் கேட்டாள். அவள் உரக்கப் பேசியதால் வார்டு முழுக்கக் கேட்டது.

"யாருங்க நீங்க?"

"மரியபுஷ்பத்தின் அண்ணன்."

"அக்கா அண்ணனுங்களா? அந்தக் காயிதத்துல என்னங்க இருக்குது?"

சொன்னேன். எழுத்தில் சொல்வதுபோலவே முதலில் சுற்றி வளைத்தேன். அவள் குறுக்கே கேட்டாள்.

"எங்க மொளகுல பூச்சி இருக்குதுங்களா?"

"இருக்கலாம் அம்மா. உறுதியாகச் சொல்ல..."

"இருக்கலாம்னு உங்களுக்கு எப்பத் தெரியுங்க?"

"ஒரு மாதம் முன்னால்."

"ஒரு மாசமா!" என்றாள். குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப எம்புள்ளைக்கு நானே என் கையால குடுத்திருக்கேனுங்களா?"

இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஆதாரம் இல்லை என்று சொல்வது எனக்கு எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியும். "உனக்குத் தெரிந்திருந்தால் கொடுத்திருக்கமாட்டாய்" என்றேன்.

"அதைத்தானுங்களே நானுஞ் சொல்றேன்! ஒரு வார்த்தை சொல்ல வாயில்லீங்களா உங்களுக்கு? படிச்ச மனுசரு. மலையில ஏறி வந்தா நாங்க என்ன அடிச்சா போடுவோம்? ஒரு வாய் காப்பித்தண்ணி குடுத்து ஒக்கார வெச்சுக் கேட்டிருப்போமுங்க."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளி, "பெரியவரே, உக்காந்துக்கிட்டே திட்டு வாங்குங்க. அது இன்னும் பேசும்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தாயிக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. நான் உட்கார்ந்தேன். அது இன்னும் பேசியது. எல்லாம் நியாயமாகவே இருந்தது.

சாயங்காலம் பொன்னுவேல் வந்தார். சாக்கைப் பற்றிக் கேட்டேன். தலைச்சோலையில் அநேகமாக எல்லோரும் எருச் சாக்கைத்தான் அலசி வைத்துக்கொள்கிறார்கள் என்றார். இந்தக் கிருமி கோழியின் எச்சத்தில் இருப்பது. ஓடைத் தண்ணீரில் அலசினாலும் வெயிலில் போட்டாலும் சாக்கின் இழைக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இதை நான் முப்பது வருடம் புத்தகத்தில் படித்திருக்கிறேன். கோழி எருவும் மிளகும் ஒரே வீட்டில் ஒரே சாக்கில் சந்திக்கும் என்று யோசித்ததில்லை. தேடிக்கொண்டு போகாதே என்று உனக்கு நானே எழுதியிருந்தேன், பிறகு எப்படி யோசிப்பேன்?

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் தலைச்சோலைக்கு வருகிறேன். பொன்னுவேல் மிளகு போடுகிறவர்களைக் கூட்டிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். எருச் சாக்கில் மிளகு கட்டாதீர்கள், கட்டிய மிளகைக் குழந்தைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதற்குமேல் என்னால் பேசமுடியாது. அவர்கள் கேட்கும் கேள்வி எனக்குக் கேட்காது. நீ பக்கத்தில் நின்று உரக்கத் திருப்பிச் சொல்லவேண்டும். கொட்டச்சேட்டில் பஸ் நிற்கும்போது ஏறிக்கொள்.

என் முதல் கடிதத்தின் ஐந்து விஷயங்களையும் இன்று மறுபடி நினைத்துப்பார்த்தேன். அறிக்கையைப் பற்றியும், மேல்முறையீட்டைப் பற்றியும், பாக்கெட்டுகளைத் திரும்பப் பெறுவதைப் பற்றியும் சொன்னவை சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். என் தகுதியைப் பற்றிச் சொன்னதும் சரிதான். நான்காவது அப்படியில்லை. விவசாயிக்கு உரிமம் வேண்டாம், அவர்மேல் வழக்கு வேண்டாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அவரிடம் பேசாதே என்று சட்டத்தில் எந்த இடத்திலும் இல்லை. அதைச் சேர்த்தது நான். அவர் வாசலில் போய் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குச் சட்டம் வசதியாகக் கிடைத்தது, உன்னையும் அதற்குள் நிறுத்திவைத்தேன். நான்காவதாக நான் எழுதியது தவறு, புஷ்பம்.

பெரியநாயகம்